எடுத்த இடத்திலேயே வச்சிருங்க

ஐந்து நாளாக என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் அந்த நாயின் மடியை நான் பார்த்திருப்பேன். இப்படி ஆரம்பித்தால் பழியைத் தூக்கி அவர் தலையில் போடுவது மாதிரி இருக்கிறது. இல்லை, பழி என்னுடையதுதான். அவர் பேசாமல் போனதற்கும் நான்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுவில் நிறுத்தி யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. அடிபட்ட, கைவிட்ட பிராணிகளை எடுத்து வந்து காப்பாற்றுகிற காப்பகம். நாலு நல்ல மனிதர்கள் கொடுப்பதில் ஓடுகிறது. தெரு நாய்களைப் பிடித்துவந்து கருத்தடை ஆபரேஷன் செய்து, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதும் எங்கள் வேலைதான். அவர் வண்டி ஓட்டுகிறார். நான் கேட்டில் இருக்கிறேன். வருகிற பிராணியை எடை போடுவது, கழுத்தில் நம்பர் கட்டுவது, எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதுவது, பெட்டையாக இருந்தால் மடி பார்ப்பது எல்லாம் நான். பால் கொடுக்கிற நாயை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். தெரியாமல் பிடித்திருந்தாலும் அந்த நிமிஷமே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவோம். எங்கேயோ குட்டிகள் கிடக்கும்.

ஆறு வருஷத்தில் ஒரு நாயைக்கூட நான் தெரு மாற்றி அனுப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தப் பெருமையில் பாதி அவருடையது. கூண்டை இறக்கிக்கொண்டே அவர் வாயால் சொல்வார். "கருப்பு, பெட்டை, மரக்கடைக்குப் பின்னாடி. இடது காலத் தொடாத, கடிக்கும்." நான் எழுதிக்கொண்டே வருவேன். படிவத்தில் கேட்காத விஷயமெல்லாம் அவர் வாயில்தான் வரும். எது பயந்தது, எது குட்டி போட்டது, எதற்குப் பக்கத்துக் கடைக்காரர் சோறு வைக்கிறார் என்று எல்லாம்.

அந்த வாய்தான் மூடிக்கொண்டது. காரணம் துரை.

துரை என்பது முன்னங்கால் வளைந்த ஒரு குட்டி. ரெண்டு நாள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்குத் தூக்கிவந்தார். அது நடந்த தோரணையைப் பார்த்து அவர்தான் பெயர் வைத்தார். ரெண்டு நாள் ரெண்டு மாதம் ஆனது. வேலை செய்கிறவர்கள் பிராணிகளை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று காப்பகத்தில் விதி இருக்கிறது. நல்ல விதி. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒற்றைக்கண் பூனை ஒன்று இதே மாதிரி ரெண்டு நாளுக்கென்று வந்து நாலு வருஷமாகக் கட்டிலில் தூங்குகிறது. போன வாரம் காப்பகத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. தோட்டம் உள்ள வீடு, ரெண்டு பிள்ளைகள், தங்கமான மனிதர்கள். வீட்டிலிருந்து துரையைத் தூக்கிவந்து காட்டினேன், பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அவர் அன்றைக்கு வண்டியோடு வெகுதூரத்தில் இருந்தார். வரட்டும் என்று காத்திருந்தால் கெஞ்சுவார், கண் கலங்குவார், நானும் இளகிவிடுவேன். எதற்கு வம்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எங்க அவன்?" என்றார். சொன்னேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரையின் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தார். அதோடு சரி.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருப்போம். இந்த மனிதர் மூஞ்சியைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பிடித்துவைத்தார், துணி காயப்போட்டார், பேசத்தான் இல்லை. நான் செய்தது தப்பில்லை என்று பாத்திரத்திடமும் பூனையிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

நடுவில் மாட்டிக்கொண்டவர் பூனை. வீட்டுப் பூனை இல்லை, இது ஆள். வலை வீசுகிறவர், நாற்பது வயது. பக்கத்தில் வந்து நிற்பது நாய்க்கே தெரியாது, அவ்வளவு சத்தமில்லாமல் நடப்பார், அதனால் அந்தப் பட்டம். "அண்ணி, அண்ணன் சாவி கேக்குறாரு." "அண்ணி, அண்ணன் டீசல் போடணுங்குறாரு." நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், உங்க அண்ணன் வாய்க்குப் பூட்டு போட்டிருக்கா? இனிமே அவர் சொன்னாருன்னு ஒரு வார்த்த எங்கிட்ட வந்துச்சு, அந்த வலைய உங்க தலையிலயே மாட்டி விட்டுருவேன்!"

பூனை தலையாட்டினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் அவர். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. ஏழு கூண்டு. என் வீட்டுக்காரர் இறக்கி வைத்தார், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார், பூனையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏதோ குடியிருப்பில் மழைநீர்க் குழாய்க்குள் ஒரு பூனைக்குட்டி மாட்டிக்கொண்டதாம். கடைசிக் கூண்டில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை, நெற்றியில் வெள்ளைக் கோடு. சீட்டில் 'பழைய ஆலை ரோடு' என்று மட்டும் இருந்தது. அந்த ரோடு ரெண்டு மைல் நீளம். மற்ற நாளாக இருந்தால் ரோட்டில் எந்த இடம், எந்தச் சுவர் என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன்.

கூண்டுக்குள் கையை நீட்டினேன். பல்லைக் காட்டியது. வாய்க்கூடு மாட்டித் திருப்பிப் போட்டு மடி பார்க்க இரண்டு ஆள் வேண்டும், நான் ஒரு ஆள். மயிரும் அடர்த்தி. சந்தேகம் ஏதாவது இருந்தால் அந்த மகராசன் எழுதியிருக்க மாட்டாரா என்று ஒரு வீம்பு. 'ஏழாம் நம்பர், பெட்டை, பால் இல்லை' என்று எழுதிவிட்டேன். பார்க்காமலே எழுதினேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. கூட்டிய இடத்தையே கூட்டினேன். ஏழாம் நம்பரும் உட்காரவில்லை. சுற்றியது, கம்பியைக் கடித்தது, கதவை நகத்தால் பிராண்டியது. புதிதாக வருகிற நாய்கள் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்.

ஒன்பது மணிக்கு ஒரு பெண் கேட்டில் வந்து நின்றாள். நீலக் கோட்டு, ஏதோ தையல் கம்பெனியில் போடுவது. இடுப்பில் ஒரு அட்டைப் பெட்டி.

"அக்கா, குட்டிங்க. கத்திக்கிட்டே கெடந்துச்சு. அம்மாவக் காணோம்."

பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை நான். ஒரு நாளைக்கு நாலு பேர் இப்படி வருவார்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், இவர்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து எங்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு உயிரைக் காப்பாற்றின திருப்தியில் வீட்டுக்குப் போவார்கள். அந்தக் குட்டிகளுக்குப் புட்டிப் பால் கொடுத்து நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். பாதி தங்காது.

"அம்மா எங்கயும் போயிருக்காதும்மா. எடுத்த இடத்துலயே வச்சிருங்க. தள்ளி நின்னு பாருங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

"இல்லக்கா, டயருக்குள்ள..."

அதற்குமேல் அவள் சொன்னது காதில் விழவில்லை. ஏழாம் நம்பர் கூண்டை உடைத்துவிடும் போல மோதிக்கொண்டிருந்தது. ஊளையிட்டது, மூக்கைக் கம்பிக்கு வெளியே நுழைத்து நுழைத்து இழுத்தது. மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. "ஏய், சும்மா கெடக்க மாட்ட? உயிர வாங்காத!" என்று கம்பால் கூண்டைத் தட்டினேன். அந்தப் பெண் பயந்து ஓரடி பின்னால் போனாள். "போங்கம்மா, வெயில் ஏறுறதுக்குள்ள கொண்டுபோய் வைங்க" என்றேன். போய்விட்டாள். அவள் போன திசையைப் பார்த்து ஏழாம் நம்பர் ரொம்ப நேரம் கத்திக்கொண்டிருந்தது.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. ஒழுங்காக விதியைச் சொல்லி அனுப்பினேன் என்று நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா ஏழாம் நம்பரை மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார். சின்ன வயசு, அதிராமல் பேசுவார். வாய்க்கூடு மாட்டி, மயக்க ஊசிக்கு முன்னால் வயிற்றைத் தடவினவர் கையை எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் பால்.

"அக்கா, இது குட்டி போட்டு ஒரு வாரம்கூட இருக்காதே. நீங்க பாக்கலையா?"

விடிகாலை ஆறு மணிக்குப் பிடித்தது. ஐந்தரை மணி நேரம். வெளியே வெயில் கொளுத்துகிறது. ஒரு வாரக் குட்டிக்குக் கண்கூடத் திறந்திருக்காது.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். என் பேரைப் பார்த்தால் எடுக்க மாட்டார் என்று தெரியும், தெரிந்தும் ஒன்பது தடவை போட்டேன். கடைசியில் டாக்டரம்மாவின் போனைப் பிடுங்கிப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க டாக்டரம்மா."

"நான்தான். வச்சிராதீங்க. ஏழாம் நம்பருக்குப் பால் இருக்கு."

"மடி சந்தேகமா இருக்கு, பாக்கச் சொல்லுன்னு பூனைகிட்டச் சொன்னேனே" என்றார். பக்கத்தில் பூனையின் குரல் கேட்டது. "அண்ணி சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கண்ணே." யாரைத் திட்டுவது? "உடனே வண்டிய எடுத்துட்டு வாங்க" என்றேன்.

இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. அந்த இருபது நிமிஷத்தில் கேட்டுக்கும் ரோட்டுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. ஏழாம் நம்பரைக் கூண்டோடு ஏற்றினோம். நான் அவருக்கும் பூனைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பின்னால் அது கத்திக்கொண்டே வந்தது.

ஆலை ரோடு திரும்பும்போது நான்தான் கேட்டேன். "எந்த இடத்துல பிடிச்சீங்க?"

"பழைய டயர் அடுக்கி வச்சிருக்கிற யார்டு இருக்குல்ல, அதுக்கு முன்னாடி."

டயர். பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

"ஐயோ! காலையில ஒரு பொண்ணு பெட்டியோட வந்தாளே. டயருக்குள்ளன்னு சொன்னாளே. குட்டிங்க நம்ம கேட்டுக்கே வந்துச்சுங்க. நான்தான் துரத்திட்டேன். எடுத்த இடத்துலயே வைன்னு சொல்லித் துரத்திட்டேன்!"

அவர் வண்டியை நிறுத்திவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். ஐந்து நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். திட்டியிருக்கலாம்.

யார்டுக்குப் போனால் டயர்களைக் காணோம். தரையில் வட்ட வட்டமாகக் கறுப்புத் தடம் மட்டும். ஒரு ஆள் கூட்டிக்கொண்டிருந்தான்.

"பத்து மணிக்கு லாரில ஏத்தியாச்சுங்க. குட்டியா? ஒரு நீலக் கோட்டுக்காரம்மா காலையில தூக்கிட்டுப் போச்சு. திரும்பக் கொண்டு வந்துச்சு. வைக்க எடமில்ல, இங்க வைக்காதன்னு நாங்கதான் சொன்னோம். எந்தப் பக்கம் போச்சுன்னு பாக்கலைங்க."

ரெண்டு மைல் ரோடு. இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர், புதர், சாக்கடை. பன்னிரண்டு மணி வெயில். அவள் வெறுத்துப்போய்ப் பெட்டியை எங்கேயாவது வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தால், அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நாயைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். அது காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தேன். நாலடி போனது, மூக்கைத் தூக்கியது, எங்களைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. பூனை இழுத்துப் பார்த்தார். படுத்துக்கொண்டது. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஆளப் பக்கத்துல வச்சிக்கிட்டுக் குட்டியக் காட்டாது. அவுத்து விடணும்" என்றார் அவர், என்னைப் பார்த்து இல்லை, பூனையைப் பார்த்து.

"விட்டா வேற பக்கம் ஓடிருமேண்ணே. குட்டியும் இல்ல, தாயும் இல்லன்னு நிக்கணும். இனிமே வலைக்கெல்லாம் இது சிக்காது" என்றார் பூனை.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டுக்காரி நான், நம்பர் என்னுடையது, கேட்டைத் தாண்டி ஒன்று போனால் அதற்கு நான்தான் பதில். காலையிலிருந்து அந்த நாய் வாய் ஓயாமல் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது, நான் கம்பால் தட்டிக்கொண்டே இருந்தேன். இனியாவது அது சொல்கிறபடி கேட்கலாம் என்று தோன்றியது.

"விடுங்க" என்றேன்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு மூன்று பேரும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றோம். கொஞ்ச நேரம் அது அசையவில்லை. அப்புறம் ஒரே ஓட்டம். யார்டைச் சுற்றியது, டயர் இருந்த தடத்தை மோந்தது, ரோட்டுக்கு வந்தது, ஒரு லாரி ஒலி எழுப்பிக்கொண்டு மயிரிழையில் தாண்டிப் போனது. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. நாய் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி ஓடி, ஒரு பழைய பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

நாங்கள் ஓடினோம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. பெட்டிக்கு மேல் குடை. குடைக்கு வெளியே, தள்ளி, வெயிலில் ஒரு கல்லின் மேல் நீலக் கோட்டு உட்கார்ந்திருந்தாள். தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன் இல்லையா, நான் சொன்னபடியே தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

நாய் பெட்டிக்குள் சுருண்டு படுத்துவிட்டது. அட்டை கிழிந்து பக்கவாட்டில் பிதுங்கியது. சத்தம் கேட்டது, சின்னச் சின்ன முனகல்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"வந்துருச்சுக்கா! நீங்க சொன்ன மாதிரியே அம்மா வந்துருச்சு! உங்ககிட்ட எடமில்லாமத்தான் சும்மா சொல்லித் துரத்துறீங்கன்னு நெனச்சேன்க்கா. மனசுக்குள்ள உங்களத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க."

பிறகு குரலை இறக்கினாள். "நாலுல ஒன்னு மட்டும் கொஞ்ச நேரமா அசையல. நான் தொடல. தொட்டா அம்மா சேர்க்காதோன்னு பயமா இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் குனிந்து, நாயிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே, அந்த ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து விரலால் நெஞ்சைத் தேய்த்தார். வாயில் ஊதினார். ரொம்ப நேரம் தேய்த்தார். நெற்றியில் அதே வெள்ளைக் கோடு. கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைச் சுற்றினார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள். பூனை வானத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"தாய் எங்ககிட்டதாம்மா இருந்துச்சு" என்றேன். "விடியக்காலையில நாங்கதான் பிடிச்சுட்டுப் போனோம். பால் இருக்கான்னு பாக்க வேண்டியது நான். பாக்கல."

அவள் சிரிப்பு போகவில்லை, புரியாமல் அப்படியே நின்றது. "நான் பெட்டியோட வந்தப்ப?"

"உள்ளதான் இருந்துச்சு. பத்தடி."

யோசித்தாள். "ஒரு நாய் கத்திக்கிட்டே இருந்துச்சே. நீங்ககூடக் கம்பால தட்டுனீங்களே."

"அதுதான்."

அவள் திட்டவில்லை. குடையை மடக்கினாள். கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். போகும்போது, "இனிமே யாராவது பெட்டி கொண்டு வந்தா திறந்து பாருங்கக்கா" என்றாள். சரி என்று சொன்னேனா, தலையாட்டினேனா, நினைவில்லை. அவள் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போய் என்ன சொல்லிச் சமாளித்தாளோ.

டயரும் போய்விட்டது, அந்த இடத்தில் இனி விட்டுவைக்க முடியாது. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததும் நாய் தானாகவே பின்னால் ஏறிக்கொண்டது. அவர் கதவைச் சாத்திக்கொண்டே, பழைய வழக்கப்படி, வாயால் சொன்னார்.

"ஏழாம் நம்பர். பெட்டை. மூணு குட்டி. ஆலை ரோடு, டயர் யார்டு. மூக்குல காயம், மருந்து போடணும்."

நான் எழுதினேன். பூனை பின்னால் நாயோடு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் முன்னால் ஏறினோம். துண்டில் சுற்றியது என் மடியில் இருந்தது. அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"துரையத் தூக்கிட்டுப் போனப்ப," என்றார், "அவன் கத்தினானா?"

ஐந்து நாளாக இதைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அன்றைக்கு அந்தக் குடும்பத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டு, காரின் ஜன்னலை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.

"கத்தினான்" என்றேன். "கேட்டத் தாண்டி முக்கு திரும்புற வரைக்கும் கத்தினான்."

அவர் தலையை ஆட்டினார். முகத்தைத் துடைக்கத் தோளுக்குக் கை போனது, துண்டு அங்கே இல்லை. சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.